"மெமரி கூடும்வரை பொறுங்கள்" என்பது இப்போது சரியான பதிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"இப்போதே போன் மாற்றிவிடலாமா, அடுத்த மாடலில் மெமரி கூடி வரும்வரை பொறுக்கலாமா?" என்ற கேள்வி தொழில்நுட்பப் பக்கங்களில் ஓயாமல் வருகிறது. பெரும்பாலும் "அவசரம் இல்லையென்றால் பொறுங்கள்" என்றுதான் பதில் சொல்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அது நல்ல பதிலாக இருந்தது. இன்று அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. போன் பழுதுநீக்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் அதற்கான காரணங்களை எழுதுகிறோம். கடிதம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் விவரம் இல்லாத யோசனையால் யாருக்கும் பயனில்லை.

முதலில், காத்திருந்தவர்களுக்கு இதுவரை என்ன கிடைத்தது என்று பார்ப்போம். 2014-இல் வந்த ஐபோன் 6-இன் அடிப்படை மாடலில் ஸ்டோரேஜ், அதாவது போட்டோவும் செயலிகளும் சேமிக்கப்படும் இடம், 16 ஜிபி. 2016-இல் ஐபோன் 7 வந்தபோது 32, மறு ஆண்டே ஐபோன் 8-இல் 64. மூன்று ஆண்டில் நான்கு மடங்கு. அதற்குப் பிறகு வேகம் தணிந்தது. 128 ஆவதற்கு 2021-இல் ஐபோன் 13 வர வேண்டியிருந்தது. 256 ஆனது 2025-இல், ஐபோன் 17-இல்தான். ஓடும் செயலிகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகமான ரேம் விஷயம் இன்னும் விசித்திரம். 2020-இன் சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ரா 16 ஜிபி ரேம் வரை கிடைத்தது; மெமரி கார்டு போடவும் இடம் இருந்தது. மறு ஆண்டு வந்த எஸ்21 வரிசையில் கார்டு இடத்தையே எடுத்துவிட்டார்கள். 2022-இன் எஸ்22 அல்ட்ராவில் ரேம் 8 அல்லது 12 ஜிபி. 2024-இன் எஸ்24 அல்ட்ராவில் 12 மட்டும். "அடுத்ததில் இன்னும் கூடும்" என்று 2020-இல் ஒதுங்கி நின்றவருக்கு நான்கு ஆண்டு கழித்தும் அதே வரிசையில் குறைவாகத்தான் கிடைத்திருக்கும்.

இனிமேலாவது கூடுமா? சில்லு உலகில் நடப்பதைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு எச்பிஎம் என்ற தனி வகை நினைவகம் வேண்டும். ஒரே கொள்ளளவைச் செய்ய, கணினிகளில் போடும் சாதாரண டிடிஆர்5 ரேமுக்கு ஆகும் சிலிக்கானைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எச்பிஎம்முக்கு ஆகிறது. லாபம் அங்கே அதிகம் என்பதால் உற்பத்தியும் அந்தப் பக்கம் திரும்பியது. 2025-இன் பிற்பாதியில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. ஸ்டோரேஜுக்கான ஃபிளாஷ் சில்லுகளின் விலையும் கூடவே ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி (கணினி ஸ்டோரேஜ்) வணிகத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. புதிதாக ஒரு சில்லு ஆலை கட்டி உற்பத்தி தொடங்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை போன் தயாரிப்பவர் விலையை ஏற்றுவார், அல்லது அதே விலைக்கு ரேமைக் குறைப்பார், அல்லது கேமராவிலோ திரையிலோ கை வைப்பார். காத்திருந்தால் அதே பணத்துக்குக் கூடுதல் மெமரி என்ற பழைய கணக்கு, இந்த நிலை மாறும்வரை செல்லாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது எப்போது வாங்குவது என்பதையல்ல, இப்போது இருக்கும் போனில் உண்மையில் எது போதவில்லை என்பதை. "மெமரி பத்தலை" என்று எடுத்துவரப்படும் போன்களில் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும்: ரேம் குறைவு, ஸ்டோரேஜ் நிரம்பியது, ஸ்டோரேஜ் சில்லு மெதுவான வகை, பேட்டரி தேய்ந்தது. நான்குக்கும் வெளியே தெரியும் அறிகுறி "போன் ஸ்லோ" என்பதுதான். மருந்து வேறு வேறு.

ரேம் குறைவை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரவுசரில் பாதி நிரப்பிய விண்ணப்பத்தை விட்டுவிட்டு, ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து லோடு ஆகிறதா? கேமராவைத் திறந்ததும் பாட்டு நின்றுவிடுகிறதா? ஹோம் பட்டனை அழுத்தினால் ஐகான்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றனவா? இவை ரேம் போதாமையின் நேரடி அடையாளங்கள். ரேம் குறையும்போது ஆண்ட்ராய்டு முதலில் அப்போது பயன்படாத தரவைச் சுருக்கி ரேமின் ஒரு பகுதியிலேயே வைக்கும். இதற்கு இசட்ரேம் என்று பெயர். அதுவும் போதாவிட்டால் ஒரு வரிசைப்படி செயலிகளைக் கொல்லத் தொடங்கும். பின்னணியில் சும்மா கிடப்பவை முதலில் போகும். பிறகு நீங்கள் கடைசியாகப் பயன்படுத்திய செயலி, ஹோம் திரை, அதன்பின் பாடிக்கொண்டிருக்கும் பாட்டு. கண்முன் திறந்திருப்பது கடைசியில்தான் போகும். பாட்டே நிற்கிறது என்றால் நெருக்கடி முற்றிவிட்டது என்று பொருள்.

கேமரா ஏன் இந்த அளவு ரேம் கேட்கிறது என்று பலர் வியப்பதுண்டு. இன்றைய கேமரா ஒரு படத்துக்கு ஒரு முறை மட்டும் எடுப்பதில்லை. பல பிரேம்களை எடுத்து ஒன்றாக்குகிறது. ஒரு புள்ளிக்கு 2 பைட் என்று வைத்தால், 12 மெகாபிக்சல் பிரேம் ஒன்றுக்குச் சுருக்குவதற்கு முன் 24 எம்பி. பத்து பிரேம் என்றால் 240 எம்பி. அதையே 50 மெகாபிக்சலில் எடுத்தால் பிரேமுக்கு 100 எம்பி. பத்தே பிரேமில் ஒரு ஜிபி. 4 ஜிபி ரேம் உள்ள போனில் இயங்குதளமும் அதன் சேவைகளும் போக மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். ஆகவே அந்தப் போனில் கேமராவைத் திறந்தால் மற்றவை சாகத்தான் செய்யும். வைரஸோ பழுதோ காரணமில்லை.

கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் அளந்தும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், அபவுட் போனில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் மெமரி என்ற பகுதியில் சில மணி நேரத்துக்கான அல்லது ஒரு நாளுக்கான சராசரிப் பயன்பாடு இருக்கும். புதிய பதிப்புகளில் இந்தக் கணக்கெடுப்பை முதலில் இயக்கிவிட்டு போனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: ரேம் 80 சதவீதம் நிரம்பியிருப்பது கோளாறல்ல. வெறுமனே கிடக்கும் ரேமால் பயனில்லை என்பதால் இயங்குதளமே அதை நிரப்பி வைக்கும். மேலே சொன்ன அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் மட்டுமே கவலைப்படுங்கள். "கிளீனர்" செயலிகளைப் போட்டு ரேமைக் காலி செய்வதும், ரீசன்ட்ஸ் பட்டியலில் உள்ள செயலிகள் எல்லாவற்றையும் தள்ளி மூடுவதும் நிலைமையை மோசமாக்கும். மூடிய செயலியை மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து லோடு செய்ய வேண்டும். நேரமும் பேட்டரியும் கூடுதலாகப் போகும்.

இங்கே ஒரு பொய் அறிகுறியும் உண்டு. ரேம் தாராளமாக இருந்தும் அலாரம் செயலியோ வழிகாட்டும் மேப்போ தானாக நின்றுபோனால், அது பெரும்பாலும் தயாரிப்பாளரின் பேட்டரி சிக்கன ஏற்பாட்டின் வேலை. அந்தச் செயலியின் ஆப் இன்ஃபோவில் பேட்டரி என்ற இடத்தில் அன்ரெஸ்ட்ரிக்டெட் என்று மாற்றினால் தீர்ந்துவிடும். இதற்காக 12 ஜிபி போன் வாங்கியவர்கள் உண்டு. புதுப் போனும் அதையேதான் செய்யும்.

அடுத்தது "ரேம் பிளஸ்", "மெமரி எக்ஸ்டென்ஷன்", "விர்ச்சுவல் ரேம்" என்று பல பெயர்களில் வரும் வசதி. விளம்பரத்தில் 8+8, ஆக மொத்தம் 16 ஜிபி என்று போடுகிறார்கள். அந்த இரண்டாவது 8, ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கிய இடம். போன்களில் வரும் எல்பிடிடிஆர்5 வகை ரேம் நொடிக்கு 51 ஜிபி வரை தரவு நகர்த்தக்கூடியது. யுஎஃப்எஸ் 3.1 என்ற வேகமான வகை ஸ்டோரேஜின் உச்ச வேகம் 2 ஜிபி அளவு. தாமதம் இதைவிட மோசம்: ரேமில் ஒரு தரவைத் தொட நூறு நானோ நொடி அளவு, ஃபிளாஷில் நூறு மைக்ரோ நொடி அளவு. ஆயிரம் மடங்கு. மேசையில் இடம் போதவில்லை என்று காகிதங்களை மாடிப் பெட்டியில் வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குவது போலத்தான் இது. அதோடு ஃபிளாஷில் எழுத எழுத அதன் ஆயுள் தேயும். எங்கள் யோசனை: 4 ஜிபி ரேம் போனில் இதை 2 ஜிபி அளவில் வைத்திருக்கலாம், சிறு பலன் உண்டு. 8 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் அணைத்துவிட்டு போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒதுக்கிய ஸ்டோரேஜாவது திரும்பக் கிடைக்கும்.

இனி ஸ்டோரேஜ். வரும் போன்களில் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறுதான், செலவில்லாமல் சரியாவதும் இதுதான். பெட்டியில் 128 ஜிபி என்று போட்டிருப்பது ஆயிரத்தின் பெருக்கத்தில் போட்ட கணக்கு. 1024-இன் பெருக்கத்தில் அது 119 ஜிபிதான். இயங்குதளமும் உடன்வந்த செயலிகளும் 15 முதல் 25 ஜிபி எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது நூறுக்கும் கீழே. அந்த நூறையும் முழுக்க நிரப்பக் கூடாது. ஃபிளாஷ் சில்லில் ஒரு எழுத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. பெரிய பிளாக்காகத்தான் அழிக்க முடியும். காலி பிளாக்குகள் இல்லையென்றால், புதிதாக ஒரு போட்டோவைப் போடுவதற்குச் சில்லு பழைய தரவை இடம் மாற்றி, பிளாக்கை அழித்து, பிறகுதான் எழுதும். ஒரு வேலைக்கு மூன்று வேலை. யுஎஃப்எஸ் 2.2, 3.1 சில்லுகளில் எழுதுவதை வேகமாக்க ஒரு பகுதியைத் தற்காலிகமாக வேக நிலையில் பயன்படுத்தும் ஏற்பாடும் உண்டு. இடம் குறையக் குறைய அந்தப் பகுதியும் சுருங்கும். அதனால்தான் 95 சதவீதம் நிரம்பிய போனில் செயலி அப்டேட் ஓடும்போது கீபோர்டுகூட உறைகிறது. அதைப் பார்த்து "ரேம் போதவில்லை" என்று முடிவுக்கு வருகிறார்கள்.

சோதிக்கும் முறை எளிது. ஸ்டோரேஜில் 20 சதவீதமாவது காலி செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து, இரவு முழுக்க சார்ஜில் போட்டுத் தொடாமல் விடுங்கள். போன் சும்மா கிடந்து சார்ஜ் ஆகும் நேரத்தில்தான் ஆண்ட்ராய்டு, அழித்த இடங்களை ஃபிளாஷ் சில்லுக்கு அறிவித்து ஒழுங்குபடுத்தும் டிரிம் என்ற வேலையைச் செய்கிறது. காலையில் போன் தெளிந்திருந்தால் ரேமும் வேண்டாம், புதுப் போனும் வேண்டாம்.

எங்கே காலி செய்வது? பெரும்பாலான போன்களில் முதல் குற்றவாளி வாட்ஸப். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளும், பலமுறை பார்வர்டு ஆனவையும் தனித்தனியாகத் தெரியும். பலருக்குத் தெரியாத இடம் இன்னொன்று உண்டு. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸப், வாட்ஸப் என்று உள்ளே போனால் டேட்டாபேசஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். கடைசி ஏழு நாட்கள் வரையிலான பேக்கப் பிரதிகள் அங்கே குவிந்திருக்கும். உரையாடல் அதிகம் உள்ளவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஜிபியைத் தொடலாம். பெயரில் தேதி உள்ளவை பழையவை, அவற்றை அழிக்கலாம். தேதி இல்லாதது புதியது. அதில் கை வைக்காதீர்கள். டெலிகிராமில் ஸ்டோரேஜ் யூசேஜ் என்ற இடத்தில் கேஷை (தற்காலிகக் கோப்புகளை) அழித்துவிட்டு, ஒரு வாரத்துக்குப் பின் தானாக அழியும்படி வைத்துவிடலாம். போட்டோவை அழித்த பிறகும் அது குப்பைத் தொட்டியில் இருக்கும் என்பதை மறக்கிறார்கள்: ஐபோனில் குறைந்தது 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள். தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

வீடியோக் கணக்கு தெரிந்தால் எவ்வளவு வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். ஐபோனில் எச்இவிசி என்ற சுருக்க முறையில் ஒரு நிமிடத்துக்கு 1080பி 30 பிரேமில் 60 எம்பி அளவு, 4கே 30 பிரேமில் 170, 4கே 60 பிரேமில் 400. ஆண்ட்ராய்டு போன்களில் எண்கள் கொஞ்சம் மாறினாலும் விகிதம் ஏறக்குறைய இதுதான். 4கே 60-இல் இரண்டரை நிமிடம் எடுத்தால் ஒரு ஜிபி போயிற்று. சின்னத் திரையில் பார்ப்பதற்காக எடுக்கும் வீடியோவுக்கு 1080பி தாராளம். கேமரா செட்டிங்ஸில் இந்த ஒரு மாற்றம் செய்தாலே 128 ஜிபி போன் ஆண்டுக்கணக்கில் தாங்கும். பென் டிரைவுக்கு மாற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. 4கே 60-இல் பத்து நிமிட வீடியோ அந்த எல்லையை எட்டிவிடும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். உங்கள் போன் அதைப் படிக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றத் தொடங்குங்கள்.

கிளவுட் இருக்கிறதே என்பார்கள். கூகுளில் இலவசம் 15 ஜிபி, ஐகிளவுடில் 5. கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஆண்ட்ராய்டு வாட்ஸப்பின் பேக்கப்பும் இப்போது அந்த 15 ஜிபியில்தான் கணக்காகிறது. மாதாமாதம் கட்டத் தயாராக இருப்பவருக்குத்தான் அந்த வழி.

மெமரி கார்டு இடம் உள்ள போன் வைத்திருப்பவர்கள் பாட்டு, படம், போட்டோவை அதில் தள்ளலாம். செயலிகளைத் தள்ளாதீர்கள். யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்சமே நொடிக்கு 104 எம்பி. உள் ஸ்டோரேஜோடு ஒப்பிட்டால் நொண்டி. ஆண்ட்ராய்டு 6-இலிருந்து கார்டை உள் ஸ்டோரேஜாகவே இணைத்துக்கொள்ளும் வழி உண்டு. ஆனால் அப்படி இணைத்த கார்டு அந்தப் போனுக்கென்று பூட்டப்பட்டுவிடும். வேறு எதிலும் படிக்காது. கார்டு செத்தால் அதிலிருந்த செயலிகளும் போயின. போலிக் கார்டு வேறு பெரிய தொல்லை. 32 ஜிபி சில்லின் மென்பொருளைத் திருத்தி 512 என்று காட்ட வைத்திருப்பார்கள். 32 ஜிபி வரை ஒழுங்காக ஏறும். அதன்பின் ஏறுவது ஏறியதுபோல் காட்டிவிட்டுக் காணாமல் போகும். வாங்கியதும் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவசக் கருவியால் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபாருங்கள். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

ரேமும் ஸ்டோரேஜும் சரியாக இருந்தும் போன் தள்ளாடினால் பேட்டரியைப் பாருங்கள். தேய்ந்த பேட்டரியால் திடீரென்று கேட்கும் மின்சாரத்தைத் தர முடியாது. அணைந்துபோகாமல் இருக்க போனே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய ஐபோன்களில் இப்படிச் செய்வதை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் மந்தம், குளிரில் திடீர் ஆஃப் என்றால் சந்தேகம் வேண்டாம். ஐபோனில் பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே வந்திருந்தால் பேட்டரியை மாற்றினால் போதும். பின்மூடியோ திரையோ மேலெழும்பியிருந்தால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம்: பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜ் போடுவதை நிறுத்தி, அமுக்காமல், குத்தாமல் மாற்றக் கொடுத்துவிட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்காகக் காத்திருப்பவர்களின் வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. போனிலேயே ஓட வேண்டிய, 300 கோடி பாராமீட்டர் (மாடல் கற்றுவைத்த எண்கள்) உள்ள ஒரு மொழி மாடலை, ஒன்றுக்கு 4 பிட் என்று சுருக்கினாலும் 1.5 ஜிபி ரேமில் உட்கார வேண்டும். 2023-இல் ஒன்றாக வந்த ஐபோன்களில் 8 ஜிபி ரேம் உள்ள 15 ப்ரோவுக்கு ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு வசதி கிடைத்தது. 6 ஜிபி உள்ள 15-க்குக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு கூகுளின் ஜெமினி நானோ என்ற மொழி மாடல் 12 ஜிபி பிக்சல் 8 ப்ரோவுக்கு முதலில் வந்தது. 8 ஜிபி பிக்சல் 8-க்கு மறு ஆண்டில், அதுவும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில்தான் வந்தது. அந்த வசதி வேண்டுமென்பவர்கள் ஜிபியை எண்ணாமல், நிறுவனம் வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் குறிப்பிட்ட மாடலின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருக்கும் போன்கள் இப்போதே கிடைக்கின்றன. காத்திருக்க அதிலும் காரணமில்லை.

அப்படியானால் யார்தான் பொறுக்கலாம்? பாதுகாப்பு அப்டேட் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, மேலே சொன்ன சுத்தப்படுத்தலுக்குப் பிறகு போன் ஓடுகிறது, பேட்டரியை மாற்றிக்கொள்ள முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் தாராளமாகப் பொறுக்கலாம். அவர்கள் மெமரிக்காகக் காத்திருக்கவில்லை. தேவை இல்லாததால் வாங்கவில்லை. அப்டேட் நின்றுபோன போன், கோப்புகள் தானாகக் கெட்டுப்போகும் போன், லோகோவிலேயே அடிக்கடி மாட்டிக்கொள்ளும் போன் வைத்திருப்பவர்கள் பொறுக்கக் கூடாது. பின்னிரண்டும் ஸ்டோரேஜ் சில்லு சாகப்போவதன் அடையாளமாக இருக்கலாம். முதல் வேலை பேக்கப்.

வாங்குவது என்று முடிவானால், வாங்கும் நாளில் எடுக்கும் அளவுதான் கடைசிவரை. போனில் ரேம் சில்லு உள்பலகையிலோ பிராசஸரின் மேலேயோ ஒட்டியிருக்கும், கூட்ட முடியாது. ஸ்டோரேஜ் சில்லைக் கழற்றிப் பெரியதாக மாற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வெப்பக் காற்றில் பக்கத்துச் சில்லுகளும் போகலாம், தண்ணீர் புகாத சீலிங் போகும், வாரண்டி போகும். தொழிலில் இருக்கும் நாங்களே இதைப் பரிந்துரைப்பதில்லை. எனவே அடுத்த ஆண்டின் அடிப்படை மாடலுக்குக் காத்திருப்பதைவிட, இந்த ஆண்டு மாடலில் ஒரு படி மேலான ஸ்டோரேஜை எடுப்பது மேல். புதிய மாடல் வெளிவரச் சில வாரமே இருந்தால் மட்டும் அதுவரை நில்லுங்கள். புதியதை வாங்குவதற்காக அல்ல, பழையதின் 256 ஜிபி மாடல் விலை இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக. பெரிய அளவுக்கு மாறுவதில் வேகமும் கிடைக்கலாம். கேலக்ஸி எஸ்23-இல் 128 ஜிபிக்கு யுஎஃப்எஸ் 3.1 சில்லு, 256-க்கு அதைவிட வேகமான 4.0.

புதிய ஆண்ட்ராய்டு என்றால் எங்கள் அளவுகோல்: 4 ஜிபி ரேம் வேண்டவே வேண்டாம், 6 சமாளிக்கும், 8 போதும். ஐந்தாறு ஆண்டு வைத்துக்கொள்பவருக்கும் பெரிய கேம் ஆடுபவருக்கும் 12. 16, 24 எல்லாம் பெட்டிமேல் போடும் அழகு. மெதுவான இஎம்எம்சி வகை ஸ்டோரேஜோடு 8 ஜிபி ரேம், யுஎஃப்எஸ் 2.2 ஸ்டோரேஜோடு 6 ஜிபி ரேம் என்று இரண்டு இருந்தால் தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். எத்தனை ஆண்டுக்கு அப்டேட் என்பதையும் கேளுங்கள். கூகுள் பிக்சல் 8-லிருந்தும், சாம்சங் எஸ்24 வரிசையிலிருந்தும் ஏழு ஆண்டு உறுதி தருகின்றன. இரண்டே ஆண்டில் அப்டேட் நிற்கும் போனில் 16 ஜிபி ரேம் இருந்து என்ன செய்ய?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய போன் அறிமுகச் செய்திகளில் "16 ஜிபி ரேம்" என்று வருவது சில நேரம் 8+8 ஆக இருக்கிறது. நிறுவனக் குறிப்பில் உள்ளதை அப்படியே அச்சிடாமல், உண்மையான ரேம் எவ்வளவு, ஒவ்வொரு அளவிலும் ஸ்டோரேஜ் என்ன வகை, கார்டு இடம் உண்டா, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்ற நான்கையும் விலைக்குப் பக்கத்தில் போட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். ஸ்டோரேஜ் வகையை நிறுவனம் சொல்லாமல் விட்டிருந்தால், சொல்லவில்லை என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள் இருவர்